நிருபர் கை, கதை சொல்ற கை: எக்டோர் மாலோ (வாசகர் கடிதம்)

வணக்கம் சார்,

நான் ஒரு தினசரியில மாவட்ட நிருபரா இருக்கேன். பேர் போட வேண்டாம். குழந்தைகளுக்கு கதை எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை, இப்பதான் ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன். அப்பாவோட கடனுக்காக ஸ்கூலை விட்டுட்டு வேலைக்குப் போற ஒரு பையனோட கதை. ஆபீஸ்ல ஒரு சீனியர்கிட்ட காட்டினேன். "நியூஸ் எழுதற கை வேற, குழந்தைங்களுக்கு எழுதற கை வேற, இப்படி கடன் அடி பசின்னு எழுதினா எந்த பேரண்ட்ஸ் வாங்கித் தருவாங்க, நீ நல்ல ரிப்போர்ட்டர், இதுக்குள்ள போய் ஏன் இறங்கறே"ன்னு சொல்லிட்டார். அதுலேர்ந்து எழுத ஓடவே இல்ல.

இதுக்கு நடுவுல என் பொண்ணு (பத்து வயசு) ரெமின்னு ஒரு பழைய ஜப்பான் கார்ட்டூன் நெட்ல பார்த்துட்டு தேம்பித் தேம்பி அழுதா. நிறுத்திடலாம்னு போனா விடமாட்டேங்கறா, அடுத்ததைப் போடுங்கறா. அது ஒரு பிரெஞ்சு நாவல்லேர்ந்து எடுத்ததாம், எழுதினவர் பத்திரிகைக்காரராவும் இருந்தவராம். அவரைப் பத்தி கொஞ்சம் சொல்லுங்க சார். ரெண்டு வேலையும் ஒருத்தரால செய்ய முடியுமா? அந்தப் புத்தகத்தை இவளுக்கு இப்ப வாசிச்சுக் காட்டலாமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள தோழிக்கு,

உங்க சீனியர் சொன்னதை நான் ஒத்துக்கல. ஒரே கைதான். அதுக்கு நீங்க கேட்ட அந்த ஆளே சாட்சி, அதனால அவரைப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லிடறேன்.

அவர் பேர் எக்டோர் மாலோ. 1830ல நார்மண்டியில, ரூவான் நகரத்துக்குப் பக்கத்துல சேன் ஆத்தங்கரையில இருக்கற லா பூய்ங்கற சின்ன ஊர்ல பொறந்தவர். அப்பா நோட்டரி, அதாவது சொத்துப் பத்திரம், உயில், கல்யாண ஒப்பந்தம் எல்லாம் எழுதிப் பதிவு பண்ற ஆள். பையனும் அதே வழியில வரணும்னு சட்டம் படிக்க வச்சாங்க, அவரும் ரூவான்லயும் பாரிஸ்லயும் படிச்சார், ஆனா மனசு அதுல இல்ல, விட்டுட்டு பத்திரிகை பக்கம் வந்துட்டார். சட்டம் படிச்சது வீண் போகல. அவரோட நாவல் எதை எடுத்தாலும் எங்கயாவது ஒரு பத்திரம், ஒரு கோர்ட் தீர்ப்பு, ஒரு வாரிசுச் சண்டை வரும், வந்தா அது சரியாவும் இருக்கும்.

அது மூணாம் நெப்போலியன் ஆட்சிக்காலம். அரசியல் எழுதற பேப்பருக்கு அரசாங்கம் எச்சரிக்கை நோட்டீஸ் அனுப்பும், மீறினா பேப்பரை நிறுத்தி வைக்கும், இழுத்தே மூடவும் செய்யும். அதனால அன்னைக்கு பேப்பர்ல இலக்கியப் பக்கத்துக்கு நிறைய வெயிட் இருந்தது, கெட்டிக்கார ஆளுங்க நிறைய பேர் அங்கதான் எழுதினாங்க. மாலோ லொப்பினியோன் நாசியொனால்ங்கற தினசரியில புத்தக விமர்சனம் எழுதினார். முதல் நாவல் 1859ல வந்துச்சு. அப்புறம் இங்கிலாந்து போய் அங்க ஜனங்க எப்படி வாழறாங்கன்னு பார்த்து எழுதினதெல்லாம் 1862ல தனிப் புத்தகமாவே வந்துச்சு. உங்க பொண்ணு பார்த்த கதையில ரெமி லண்டன் போற பகுதி வரும் பாருங்க, பெத்னல் கிரீன் ஏரியாவுல திருட்டுச் சாமான் வாங்கி விக்கற ஒரு குடும்பத்துக்கிட்ட போய் மாட்டிக்குவான், அந்தப் பனியும் புகையும் சேறும் இங்கிலாந்துக்குப் போய்ப் பார்த்துட்டு வந்தவர் எழுதினது.

குழந்தைங்க பக்கம் வர்றதுக்கு முன்னாடி அவர் என்ன மாதிரி நாவல் எழுதிட்டிருந்தார்ங்கறதுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். பிரான்ஸ்ல 1838ல மனநோயாளிங்களுக்குன்னு ஒரு சட்டம் வந்துச்சு. நல்லா இருக்கற ஒரு ஆளை, சொத்துக்காக, சொந்தக்காரங்களே பைத்தியம்னு சொல்லி உள்ள தள்ளிடறதுக்கு அதுல ஓட்டை இருந்தது. மாலோ அதை எடுத்து 1869ல ஒரு நாவலா எழுதினார், தலைப்பு 'மச்சான்'. இன்னைக்கு நீங்க பேப்பர்ல பெரிய புலனாய்வுக் கட்டுரையா எழுதற விஷயம் அது. அவர் அதைக் கதையாக்கினார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே 1869லதான் குழந்தைங்களுக்கான முதல் புத்தகமும் வந்துச்சு, 'ரொமேன் கல்ப்ரி'. அப்பாவைக் கடல் கொண்டுபோயிட்ட ஒரு பையன், கஞ்சனான ஒரு உறவுக்காரர்கிட்ட மாட்டி, பசி தாங்காம ஓடிப்போற கதை. வெளியிட்டவர் எட்ஸெல், ஜூல் வெர்னோட அதே பதிப்பாளர். குழந்தைகளுக்கு நல்ல தாள்ல, நல்ல படத்தோட, பெரிய எழுத்தாளர்களை வச்சு புத்தகம் போடணும்னு வாழ்நாள் முழுக்க உழைச்ச மனுஷன். பிரான்ஸ் முழுக்க நடந்து போற ஒரு பையனோட கதை எழுதுங்கன்னு மாலோகிட்ட கேட்டார். மாலோ ஒத்துக்கிட்டு ஆரம்பிச்சார். 1870ல பிரஷ்யாவோட போர் வந்துச்சு, பாரிஸ் முற்றுகை, ஜனங்க எலியும் பூனையும் சாப்பிட்ட அந்தக் குளிர்காலம், அந்தக் களேபரத்துல எழுதி வச்ச கையெழுத்துப் பிரதி தொலைஞ்சு போச்சு. பல வருஷம் கழிச்சு முதல் வரியிலேர்ந்து மறுபடி எழுதினார். அதுதான் 'சான் ஃபாமிய்', குடும்பம் இல்லாதவன்னு அர்த்தம். 1877 கடைசியிலேர்ந்து லெ சியெக்ல் பேப்பர்ல தொடர்கதையா வந்து, 1878ல டென்டுங்கற பதிப்பாளர் போட்டு புத்தகமாச்சு. பிரெஞ்சு அகாதமி பரிசும் கிடைச்சது. எட்ஸெல் 1880ல எமில் பயார் வரைஞ்ச படங்களோட தனியா ஒரு பதிப்பு போட்டார்.

இப்ப கதைக்கு வர்றேன், ஏன்னா உங்க கேள்விக்கான பதில் அதுலதான் இருக்கு.

ரெமி ஒரு அனாதைக் குழந்தை. பாரிஸ்ல ப்ரெத்தேய் அவென்யூவுல கிடந்தவனை பார்பெரன்னு ஒரு கொத்தனார் எடுத்துட்டுப் போய் தன் கிராமத்துல பொண்டாட்டிகிட்ட வளர்க்க விட்டிருக்கான். ஏன் எடுத்தான்? இரக்கமெல்லாம் இல்ல, குழந்தை மேல இருந்த துணி விலை உயர்ந்தது, பின்னாடி பணக்கார அப்பா அம்மா தேடி வந்து பெரிய தொகை தருவாங்கன்னு ஒரு கணக்கு. அந்தக் கிராமம் க்ரூஸ் பகுதியில இருக்கு. அந்தப் பக்கத்து ஆம்பளைங்க வருஷா வருஷம் பாரிஸுக்குக் கட்டட வேலைக்குப் போறது நிஜமாவே பல தலைமுறையா நடந்த விஷயம், பாரிஸோட பாதி கட்டடம் அவங்க கைபட்டதுன்னு சொல்லலாம். பார்பெரன் வேலை செய்யற இடத்துல சாரம் சரிஞ்சு கால் போயிடுது. கான்ட்ராக்டர் மேல கேஸ் போடறான். கேஸ் நடத்தப் பணம் வேணும், ஊர்ல இருக்கற ஒரே பசுமாட்டை வித்து அனுப்புன்னு பொண்டாட்டிக்கு ஆள் விடறான். மாடு போகுது. கேஸும் தோத்துப் போகுது. ஊருக்குத் திரும்பி வர்றவன் கண்ணுல, வீட்ல தின்னுட்டு உக்காந்திருக்கற இன்னொரு வாயா இந்தப் பையன் தெரியறான். நாப்பது பிராங்குக்கு வித்தாலிஸ்ங்கற தெருக்கூத்தாடிக் கிழவருக்குத் தள்ளி விட்டுடறான்.

இதுல பார்பெரன் கெட்டவன்தான், ரெமியை அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்ல விடாம அவ வீட்ல இல்லாத நேரமாப் பார்த்து அனுப்பறவன். ஆனா அவன் ஏன் அப்படி ஆனான்னு பத்து வயசுப் பிள்ளைக்கும் புரியற மாதிரி ஒரு வரவு செலவு அங்க இருக்கு. விபத்து, கேஸ், மாடு, நாப்பது பிராங்கு. இதைக் கதைக்காரன் கை எழுதிச்சா நிருபர் கை எழுதிச்சான்னு உங்க சீனியரால பிரிச்சுச் சொல்ல முடியுமா? மாடு எவ்வளவு முக்கியம்னு மாலோ ஆரம்பத்துலயே எழுதிடறார், கைப்பிடி வெண்ணெய்யும் கொஞ்சம் பாலும் இருந்தா அந்த வீட்ல யாரும் பட்டினி இல்லன்னு. அதனாலதான் பின்னாடி ரெமியும் அவன் சிநேகிதன் மத்தியாவும் தெருத்தெருவா வாசிச்சு காசு காசா சேர்த்து அந்த அம்மாவுக்கு ஒரு பசு வாங்கிட்டுப் போறப்ப வாசிக்கறவங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். மாடு வாங்கறப்போ ஏமாந்துடக் கூடாதுன்னு ஒரு மாட்டு டாக்டரைக் கூட்டிட்டுப் போறானுங்க ரெண்டு பேரும், சந்தையில மாட்டை எப்படி எப்படி எல்லாம் ஏமாத்தி விப்பாங்கன்னு ஒரு லிஸ்ட்டே வரும். குழந்தைங்களுக்கு இந்த மாதிரி விஷயம் ரொம்பப் பிடிக்கும். பெரியவங்க உலகம் உள்ளுக்குள்ள எப்படி ஓடுதுன்னு யாராவது மதிச்சுச் சொன்னா கண்ணை அகலத் திறந்து கேப்பாங்க.

வித்தாலிஸோட கூட்டம் மூணு நாய், ஒரு குரங்கு, ஒரு பையன். துலூஸ்ல நாய்க்கு வாய்ப்பூட்டு போடணும்னு ஒரு போலீஸ்காரர் சட்டம் பேசறார், வித்தாலிஸ் கிண்டல் பண்றார், சண்டை முத்தி ரெமி மேல கை வைக்கறப்போ கிழவர் குறுக்க வர்றார், ரெண்டு மாசம் ஜெயில், நூறு பிராங்கு அபராதம். ஒரு சின்ன முனிசிபல் விதியால ஒரு ஏழைக் குடும்பம் நடுத்தெருவுக்கு வர்றது எப்படின்னு இதை விடத் தெளிவா நான் வாசிச்சதில்ல. மாவட்ட நிருபரா நீங்க இந்த மாதிரி எத்தனை கேஸ் பார்த்திருப்பீங்க.

அப்புறம் பாரிஸ்ல கரோஃபோலிங்கற ஆளோட வீடு. இத்தாலியிலேர்ந்து ஏழைக் குழந்தைங்களைக் கூட்டி வந்து, தெருவுல வாசிக்கவும் பிச்சை எடுக்கவும் அனுப்பி, சாயங்காலம் சொன்ன தொகை கொண்டு வரலேன்னா சாட்டை. சூப் கொதிக்கற பானைக்குப் பூட்டு. அந்த வீட்ல ரெமி பார்க்கற ஒல்லிப் பையன்தான் மத்தியா. இது கற்பனைப் பயமுறுத்தல் இல்ல. அந்தக் காலத்துல பாரிஸ், லண்டன், நியூயார்க் எல்லா இடத்துலயும் இத்தாலிக் குழந்தைங்களை வச்சு இந்த வியாபாரம் நடந்தது, இத்தாலி 1873ல இதைத் தடை பண்ணிச்சு, பிரான்ஸ் 1874 டிசம்பர்ல கூத்து, வித்தை மாதிரி ஊர் ஊராத் திரியற தொழில்ல குழந்தைங்களைப் பயன்படுத்தறதுக்குத் தனிச் சட்டம் போட்டுச்சு. அதே வருஷம் மே மாசம்தான் ஃபேக்டரியில குழந்தைத் தொழிலாளர் வயசு, வேலை நேரம் பத்தின சட்டமும் இன்ஸ்பெக்டர்களும் வந்தாங்க. மாலோ கதை எழுதறப்போ இது எல்லாம் சூடான செய்தி. தலையங்கம் எழுதி முடிச்சிருக்கலாம், ஆனா அந்தத் தலையங்கம் இன்னைக்கு யார்கிட்ட இருக்கும்? மத்தியா இருக்கான்.

சுரங்கம் வர்ற பகுதியும் அப்படித்தான். வார்ஸ்ங்கற ஊர் அவர் வச்ச பேரு, ஆனா சம்பவம் நிஜம். 1861 அக்டோபர்ல தெற்கு பிரான்ஸ்ல கார் மாவட்டத்துல பெஸ்ஸேஜ் பக்கத்துல லால் சுரங்கத்துக்குள்ள ஆத்து வெள்ளம் பூந்து நூத்துக்கும் மேல ஆட்கள் செத்தாங்க, கொஞ்சம் பேரைப் பல நாள் கழிச்சு உயிரோட எடுத்தாங்க. கதையில ரெமி வண்டி தள்ளற வேலைக்கு உள்ள போறான், கை நசுங்கின சிநேகிதனுக்குப் பதிலா. வெள்ளம் வருது, மேட்டுப் பாதை ஒண்ணுல சில பேர் ஒதுங்கி உக்காந்துடறாங்க. காத்து அடைபட்டதால தண்ணி ஒரு மட்டத்துக்கு மேல ஏறாதுன்னு அனுபவப்பட்ட ஒரு கிழவர் விளக்கிச் சொல்றார், இருட்டுல, பசியில, பக்கத்துல ஆள் செத்துக்கிட்டிருக்கறப்போ அவர் பௌதிகப் பாடம் எடுக்கறார், அந்தப் பாடம்தான் மத்தவங்களைப் பைத்தியம் பிடிக்காம காப்பாத்துது. சுவரைத் தட்டித் தட்டி வெளியில இருக்கறவங்களுக்கு சிக்னல் கொடுக்கறது, விளக்கை மிச்சம் பிடிக்கறது, ரொட்டியைப் பங்கு போடறது எல்லாம் அப்படியே பக்கத்துல உக்காந்து பார்க்கற மாதிரி இருக்கும்.

இந்த இடத்துல ஒரு ஒப்பீடு சொல்லணும். 1877ல, மாலோ கதை வர்றதுக்கு சரியா முன்னாடி, ஜி. ப்ரூனோங்கற புனைபேர்ல ஒரு அம்மா எழுதின 'ரெண்டு பசங்களோட பிரான்ஸ் பயணம்'ங்கற பாடப்புத்தகம் வந்துச்சு. அதுலயும் அனாதைப் பசங்க, அதுலயும் பிரான்ஸ் முழுக்க நடை. லட்சக்கணக்குல வித்துச்சு, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல ரெண்டு மூணு தலைமுறை அதைத்தான் வாசிச்சு வளர்ந்துச்சு. எந்த ஊர்ல என்ன விளையுது, எந்த ஆறு எங்க ஓடுது, நாட்டுக்குக் கடமை என்ன, எல்லாம் ஒழுங்கா இருக்கும். நல்ல புத்தகம்தான், ஆனா அதுல வர்ற பெரியவங்க முக்கால்வாசி நல்லவங்க. மாலோவோட பிரான்ஸ்ல போலீஸ் இருக்கு, கோர்ட் இருக்கு, கடனுக்கு ஜெயில் இருக்கு. பூச்செடி வளர்த்துப் பிழைக்கற ஒரு குடும்பம் ஒரே ஒரு ஆலங்கட்டி மழையில கண்ணாடி எல்லாம் நொறுங்கி, கடன்காரன் உள்ள தள்ளி, நாலு பிள்ளைங்க நாலு ஊருக்குச் சிதறிப் போறது இருக்கு. முதல் புத்தகத்தை இன்னைக்கு ஆராய்ச்சி பண்றவங்க எடுத்துப் பார்க்கறாங்க. ரெண்டாவதை உங்க பொண்ணு மாதிரி பிள்ளைங்க இன்னும் அழுதுட்டே கேக்கறாங்க. வியட்நாம்ல அது அவங்க சொந்தப் புத்தகம் மாதிரி ஆயிடுச்சு, சீனாவுலயும் ஜப்பான்லயும் 1900களோட ஆரம்பத்துலயே மொழிபெயர்ப்பு வந்தாச்சு. நீங்க சொன்ன கார்ட்டூன் 1977ல ஒசாமு தெசாகி இயக்கினது.

உங்க பொண்ணு ஏன் அழுதுட்டே அடுத்ததைப் போடுங்கறான்னு எனக்குத் தோணறதைச் சொல்றேன். அந்தக் கதையில துக்கம் வர்றப்போ எல்லாம் கூடவே ஒரு வேலையும் வருது. குரங்குக்கு ஜுரம்னா டாக்டர் பீஸுக்கு என்ன வழி, கையில எத்தனை சூ (அந்தக் காலத்து பிரெஞ்சு சில்லறைக் காசு) இருக்கு, நாளைக்கு எந்த ஊர் சந்தை, நாய் போயிடுச்சுன்னா இனி எந்த நாடகத்தைப் போட முடியும். குழந்தை அழுதுட்டே கணக்குப் போட்டுட்டிருக்கும். சும்மா பரிதாபத்தைக் கொட்டினா சேனலை மாத்திடுவாங்க.

பத்திரிகைக்காரரா மாலோ செஞ்ச இன்னொரு காரியம் இருக்கு, எனக்கு அவர் மேல பெரிய மரியாதை வந்தது அதனாலதான். ஜூல் வாலெஸ்னு அவரோட சிநேகிதர், பெரிய பத்திரிகையாளர், 1871ல பாரிஸை ரெண்டு மாசம் நடத்தின புரட்சி அரசான பாரிஸ் கம்யூன்ல முன்னணியில இருந்தவர். கம்யூனை நசுக்கினப்புறம் லண்டனுக்குத் தப்பிப் போயிட்டார், பிரான்ஸ்ல அவர் இல்லாமலே மரண தண்டனை விதிச்சாச்சு. அந்த ஆளோட பேரைச் சொல்றதே ஆபத்தான காலம். மாலோ கம்யூன்காரர் இல்ல, அமைதியா குடும்பம் நடத்திட்டிருந்த நாவலாசிரியர். ஆனா வாலெஸுக்குப் பணம் அனுப்பறது, எழுதினதை வாசிச்சுக் கருத்து சொல்றது, பாரிஸ்ல எடிட்டர்களைப் போய்ப் பார்க்கறதுன்னு வருஷக்கணக்கா செஞ்சார். வாலெஸ் தன் குழந்தைப் பருவத்தைப் பத்தி எழுதின நாவல் 1878ல வேற பேர்ல தொடரா வந்துச்சு, எந்தப் பேப்பர்ல தெரியுமா, சில மாசம் முன்னாடி ரெமியோட கதை வந்து முடிஞ்ச அதே லெ சியெக்ல்ல. மாலோ போய்ப் பேசி வாங்கிக் கொடுத்த இடம் அது. பள்ளிக்கூடத்துல சலிச்சுச் செத்தவங்களுக்கும் வீட்ல அழ வைக்கப்பட்டவங்களுக்கும்னு வாலெஸ் அந்தப் புத்தகத்தைச் சமர்ப்பணம் பண்ணியிருப்பார். குழந்தைங்க படற பாட்டைப் பத்தின ரெண்டு பெரிய பிரெஞ்சு புத்தகம் ஒரே வருஷத்துல ஒரே பேப்பர்ல வந்திருக்கு, ரெண்டுக்கும் பின்னாடி ஒரே ஆள்.

இனி 'ஆன் ஃபாமிய்'. குடும்பத்தோடன்னு வச்சுக்கலாம். 1893ல வந்தது, பத்து லட்சம் பிரதி போயிட்டிருந்த லெ பெத்தி ஜூர்னால்ல தொடரா. ஒளிவு மறைவில்லாம சொல்றேன், எனக்கு ரெமியை விட இந்தப் புத்தகம்தான் மேல. நம்ம ஊர்ல இதைப் பத்தி யாரும் பேசலேங்கறது எனக்குப் பெரிய குறை, ஏன்னா இதோட கதாநாயகி பாதி இந்தியப் பொண்ணு. பெரின்னு பேரு. அப்பா பிரெஞ்சுக்காரர், பெரிய சணல் மில் முதலாளியோட மகன், சணல் வாங்கறதுக்காக இந்தியாவுக்கு அனுப்பினாங்க, டாக்காவுல ஒரு இந்தியப் பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார், முதலாளி அப்பா அந்தக் கல்யாணத்தை ஒத்துக்கவே இல்ல. (டாக்கா அப்ப பிரிட்டிஷ் இந்தியாவுல வங்காளத்தோட பகுதி.) ஊருக்குத் திரும்பற வழியில அப்பா போஸ்னியாவுல செத்துப் போறார். கழுதை வண்டியில பாரிஸ் வாசல் வரைக்கும் வந்து அம்மாவும் போயிடறா. பன்னெண்டு பதிமூணு வயசுப் பொண்ணு, கையில கொஞ்சம் சில்லறை, அதுலயும் பெரிய காசைக் கள்ளக் காசுன்னு சொல்லி ரொட்டிக்கடைக்காரி பிடுங்கிக்கறா, நடந்தே வடக்கே பிக்கார்டி பக்கம் இருக்கற தாத்தா ஊருக்குப் போறா. போய், நான்தான் உங்க பேத்தின்னு சொல்லல. அம்மா சாகறப்போ சொன்னது, முதல்ல அவங்க உன்னை நேசிக்கணும்னு. வேற பேர் சொல்லி அதே மில்லுல கூலிக்குச் சேர்ந்துடறா.

அந்த மில்லும் சும்மா கற்பனை இல்ல. சொம் மாவட்டத்துல ஃப்ளிக்ஸ்கூர்ல சேன் சகோதரர்களோட சணல் மில் பெரிய சாம்ராஜ்யம், அதைத்தான் மாலோ மாரோகூர்னு பேர் மாத்தி வச்சிருக்கார். வங்காளத்து வயல்ல விளைஞ்ச சணல் கப்பல் ஏறி வந்து அங்க சாக்கா மாறுது. ஒரு பக்கம் அந்தச் சணல் வர்றது முதலாளிக்கு லாபம், இன்னொரு பக்கம் அதே டாக்காவுலேர்ந்து வந்த மருமகளைக் கண்ணெடுத்துப் பார்க்க மாட்டேங்கறார். மாலோ இதைப் பிரசங்கமா எங்கயும் சொல்றதில்ல, கதையே அந்த முடிச்சு மேலதான் நிக்குது. பெரினுக்கு இங்கிலீஷ் தெரியும், இந்தியாவுல பொறந்தவ இல்லையா. மெஷின் மாட்ட வந்த இங்கிலீஷ்காரங்களோட பேச ஆள் இல்லாத ஒரு நாள் அவளைக் கூப்பிடறாங்க, அதுலேர்ந்து கண் தெரியாத அந்த முதலாளித் தாத்தாகிட்டயே கடிதம் வாசிக்கற வேலைக்கு வந்துடறா. தன் குடும்பத்தைப் பத்தி டாக்காவுலேர்ந்து வர்ற கடிதத்தைத் தானே மொழிபெயர்த்து வாசிக்க வேண்டியிருக்கற பொண்ணு! இதுக்கு மேல ஒரு கட்டத்தை எந்தத் தொடர்கதைக்காரர் யோசிக்க முடியும்.

அதுக்கு முந்தின பகுதிதான் எனக்கு ரொம்ப நெருக்கம். தொழிலாளிப் பொண்ணுங்க தங்கற வாடகை ரூம்ல ஆறு பேர் நெருக்கியடிச்சுக் காத்தில்லாம படுக்கறது தாங்காம, பெரின் ஏரி நடுவுல ஒரு குட்டித் தீவுல வேட்டைக்காரங்க விட்டுட்டுப் போன குடிசையில போய்த் தங்கிடறா. கயிறு திரிச்சு செருப்பு பண்றா, தகர டப்பாவை வெட்டி சட்டியும் கரண்டியும் பண்றா, மீன் பிடிக்கறா, ஒரு கெஜம் துணி என்ன விலை, ஒரு சட்டைக்கு எத்தனை கெஜம்னு கூலிக் காசுல கணக்குப் பார்த்துத் தைக்கறா. பகல்ல மில்லு. கூட வேலை செய்யற ரோசலியோட விரல் மெஷின்ல நசுங்குது, சூப்பர்வைசர் அவளைத்தான் திட்டறான். ஒரு காலைல வேலைக்குப் போற அம்மாக்கள் பிள்ளைங்களை விட்டுட்டுப் போற வீடு தீப்பிடிச்சு குழந்தைங்க செத்துப் போறாங்க. அதுக்கப்புறம்தான் தாத்தா மில்லுக்குப் பக்கத்துல குழந்தைகள் காப்பகம் கட்டறார், தொழிலாளிங்களுக்கு வீடு கட்டறார்.

குறையும் சொல்லணும். ரெமி கடைசியில இங்கிலீஷ் பணக்காரக் குடும்பத்து வாரிசு, பெரின் மில் வாரிசு. இவ்வளவு நேர்மையாக் கஷ்டத்தை எழுதின மனுஷன் விடிவுன்னு வர்றப்போ ஒரு சொத்துப் பத்திரத்தை எடுத்து நீட்டிடறார். மத்தியா மாதிரி வாரிசா எதுவும் கிடைக்காதவன் தன் வயலினாலயே மேல வர்றதுதான் எனக்கு அந்த நாவலோட நிஜமான வெற்றி. அதே மாதிரி மில்லுல நல்லது நடக்கறதும் முதலாளி மனசு இளகினதாலதான், தொழிலாளிங்க கேட்டு வாங்கினதா ஒண்ணும் இல்ல. இதை எல்லாம் உங்க பொண்ணோட உக்காந்து பேசலாம், பத்து வயசுக்கு நல்லாவே புரியும்.

மாலோ மொத்தம் அறுபது நாவலுக்கும் மேல எழுதினார். 1895ல இனி நாவல் எழுதறதில்லன்னு நிறுத்திட்டார், அடுத்த வருஷம் தன் ஒவ்வொரு நாவலும் எங்கேர்ந்து வந்ததுன்னு ஒரு புத்தகம் போட்டார். 1907ல போந்தெனே சு புவாவுல செத்துப் போனார். கடைசிக் காலத்துல எழுதி வச்சிருந்த இன்னொரு குழந்தைகள் கதை, ஒரு கப்பல் பையனைப் பத்தினது, 1997லதான் அச்சாச்சு. அந்த அறுபதுல குழந்தைங்களுக்குன்னு எழுதினது விரல் விட்டு எண்ணலாம். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா, அந்தச் சிலதுக்கும் மத்ததுக்கும் அவர் ஒரே உழைப்பைத்தான் போட்டிருக்கார். பைத்தியக்கார ஆஸ்பத்திரிச் சட்டத்தைப் படிச்ச அதே மாதிரி சுரங்கத்தைப் படிச்சார், சணல் மில்லைப் படிச்சார். குழந்தைங்கதானே, இது போதும்னு எந்த இடத்துலயும் விடல. 'சான் ஃபாமிய்'யை மகள் லூசிக்குச் சமர்ப்பிச்சிருக்கார், எழுதறப்போ எல்லாம் லூசிக்கு இது புரியுமா, லூசிக்கு இது பிடிக்குமான்னே நினைச்சுட்டிருந்தேன்னு அதுல சொல்லியிருப்பார். அவளுக்கு ஏத்த மாதிரி விஷயத்தைக் குறைக்கல, அவளுக்குப் புரியற மாதிரி தெளிவாக்கினார்.

அதனால உங்க கதையைத் தூக்கி வைக்காதீங்க. வேலையையும் விட வேண்டாம், அந்த வேலைதான் உங்களுக்குப் பொருள் தருது. உங்க கதையில அந்தப் பையனோட அப்பா எவ்வளவு கடன் வாங்கினார், எதுக்கு வாங்கினார், வட்டி என்ன, பையனுக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு, அதுல எவ்வளவு கழிச்சுக்கறாங்க, எந்த வருஷம் அடையும்னு அவனுக்குச் சொல்லியிருக்காங்க, அவனே கணக்குப் போட்டா எந்த வருஷம் வருது? இது எல்லாம் உங்க நோட்புக்ல ஏற்கெனவே இருக்கும். அதைக் கதைக்குள்ள கொண்டு வாங்க. நிஜ ஆளோட பேர், ஊர் மட்டும் தெரியாம பார்த்துக்குங்க. பேட்டி கொடுத்தவங்க உங்களை நம்பிப் பேசினவங்க. அடியும் பசியும் வரலாம், ஆனா அது வர்ற பக்கத்துல அந்தப் பையன் கையில செய்யறதுக்கு ஏதாவது ஒண்ணு இருக்கட்டும், கூட யாராவது ஒருத்தர் இருக்கட்டும். மாலோ ரெமியை முழுசாத் தனியா விட்ட இடம் அந்தப் பெரிய புத்தகத்துல ரொம்பக் கொஞ்சம். எல்லாரும் போனப்புறமும் காப்பிங்கற அந்த நாய் இருக்கும்.

பேரண்ட்ஸ் வாங்குவாங்களாங்கற கேள்விக்கு, 1878லயும் இதே பயம் இருந்திருக்கும். புத்தகம் வந்துச்சு, வாங்கினாங்க.

பொண்ணுக்கு வாசிச்சுக் காட்டறதைப் பத்தி. தாராளமா காட்டுங்க, முழுப் பதிப்பா பார்த்து எடுங்க. பிள்ளைங்களுக்குன்னு சுருக்கின பதிப்புகள்ல முதல்ல வெட்டறது சுரங்கத்தையும் கோர்ட்டையும்தான், அழுகை மட்டும் மிஞ்சிடுது. ஓநாய் வர்ற ராத்திரி, குரங்கு, அப்புறம் வித்தாலிஸோட சாவு, இது மூணும் அடுத்தடுத்து வரும், அதை ஒரே நாள்ல வாசிக்காம பிரிச்சுக்குங்க. முதல்ல பெரின் கதையிலேர்ந்து ஆரம்பிச்சாலும் நல்லது, அந்தத் தீவுக் குடிசை வந்ததும் புத்தகத்தை உங்க கையிலேர்ந்து வாங்கிக்குவா. அதையும் 1978ல ஜப்பான்ல கார்ட்டூனா எடுத்திருக்காங்க, போஸ்னியாவுலேர்ந்து தொடங்கும். ஆனா புத்தகத்தை முதல்ல.

கதை முடிஞ்சதும் எனக்கு அனுப்புங்க, வாசிச்சுட்டு எழுதறேன்.